முட்டிக்குக் கீழே ஒரு நாண்: ‘ரெஸ்ட் எடுங்க’ மாறிய கதை

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு கொஞ்சம் நீளம். முட்டி வலி உள்ளவர்கள் ஒரே இருப்பில் படித்து முடிக்க வேண்டாம். நடுவில் ஒருமுறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

முட்டி வலிக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் “ரெஸ்ட் எடுங்க” என்பதுதான். வீட்டில் சொல்வார்கள், பக்கத்து வீட்டில் சொல்வார்கள், மருந்துக்கடையில் மாத்திரையோடு சேர்த்துச் சொல்வார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் இந்த அறிவுரைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது எப்படி வந்தது, யார் அதை ஆட்டிப் பார்த்தார்கள், இப்போது எங்கே நிற்கிறது என்பதைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவன். படித்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

படிக்க வைத்தவன் என் பழைய மாணவன். வயது 26. வாலிபாலில் நல்ல ஆட்டக்காரன். வலைக்கு மேலே அவன் எழும்பி அடிப்பதைப் பார்க்கவே ஊரில் கூட்டம் வரும். இரண்டு வருடமாக வலது முட்டியில் வலி. ஓரிடத்தில் ஊசி போட்டார்கள், ஓரிடத்தில் மூன்று மாதம் காலை அசைக்காதே என்றார்கள். அவன் சொன்ன ஒரு வாக்கியம் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது: “சார், ரெஸ்ட் எடுத்தா சரியாயிடுது. விளையாடப் போனா பழையபடி வந்துடுது. அப்ப சரியாச்சுன்னு எப்படி சார் சொல்றது?”

நல்ல கேள்வி. உலகத்தின் பெரிய எலும்பு மருத்துவர்கள் பலர் இந்தக் கேள்விக்கு நேராக வருவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆனது.

முதலில் உறுப்பைப் பார்த்துவிடுவோம். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். டாக்டர்கள் டெண்டன் என்பார்கள். வில்லில் கட்டும் நாண் என்கிற அதே சொல்தான், பொருத்தமான பெயர். முட்டிச் சில்லுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால், சில்லுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் கெட்டியான பட்டை ஒன்று தட்டுப்படும். தொடையின் முன்பக்கத் தசை இழுக்கிற இழுப்பெல்லாம் அதன் வழியாகத்தான் காலுக்குப் போகிறது. குதிக்கும்போதும், குதித்து இறங்கும்போதும், மாடிப்படி இறங்கும்போதும் பாரம் அங்கே விழுகிறது. அங்கே வரும் வலிக்கு 1973-இல் மார்ட்டின் பிளசினா என்ற அமெரிக்க மருத்துவர் ‘குதிப்பவரின் முட்டி’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நார்வே நாட்டு முன்னணி விளையாட்டு வீரர்களை ஆராய்ந்து 2005-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வாலிபால் ஆடுகிறவர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கும் கூடைப்பந்து ஆடுகிறவர்களில் சுமார் 32 சதவீதம் பேருக்கும் இந்த வலி இருந்தது. டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் 2009-இல் நடப்புச் சாம்பியனாக இருந்தும் விம்பிள்டனுக்கு வர முடியாமல் போனதும் முட்டி நாண் வலியால்தான்.

என் வயதுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு முட்டி வலி என்றால் பெரும்பாலும் அது மூட்டுத் தேய்மானம். நான் பேசுவது நாணில் வரும் வலியை மட்டும். ஒரு விரலால் “இதோ இங்கே” என்று சில்லுக்கு அடியில் காட்ட முடிந்தால், பாரம் கூடக்கூட வலி கூடினால், அது நாணாக இருக்க வாய்ப்பு அதிகம். எது என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம்.

லண்டனில் ஜான் ஹில்டன் என்ற அறுவை மருத்துவர் 1860-இலிருந்து 1862 வரை தொடர் சொற்பொழிவு ஆற்றினார். வலி என்பது “என்னை அசைக்காதே” என்று உடம்பு போடும் கட்டளை, ஓய்வுதான் இயற்கையின் மருந்து என்பது அதன் சாரம். 1863-இல் புத்தகமாக வந்து, மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். அதே காலத்தில் லிவர்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ். பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்து முறையாக மருத்துவம் படித்தவர். நம்மூர் எலும்பு கட்டு வைத்தியர் வீட்டுப் பிள்ளை மருத்துவக் கல்லூரிக்குப் போனது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு என்றால் அது கட்டாயமாக, இடைவிடாமல், நீண்ட காலத்துக்கு இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தொடை எலும்பு முறிந்தால் காலை நீட்டிக் கட்டும் ‘தாமஸ் ஸ்பிளின்ட்’ அவர் செய்ததுதான். முதல் உலகப் போரில் அது எண்ணற்ற சிப்பாய்களின் உயிரைக் காத்தது. ஆகவே இவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஒடிந்த எலும்புக்கும் காசநோய் பிடித்த மூட்டுக்கும் அவர்கள் சொன்னது சரி. சிக்கல் என்னவென்றால், எலும்புக்குச் சொன்னதை நாணுக்கும் தசைக்கும் முதுகுக்கும் எல்லாவற்றுக்கும் பொருத்திவிட்டார்கள்.

அந்த நம்பிக்கையில் முதல் விரிசல் விழுந்தது இரண்டாம் உலகப் போரில்தான். சிகாகோவில் கார்டினர் ராணுவ மருத்துவமனை. காலில் அடிபட்ட சிப்பாய்கள் வார்டு வார்டாக மாதக்கணக்கில் கிடந்தார்கள். அறுவை முடிந்து காயம் ஆறியும் தொடை சூம்பிப்போய் நடக்க முடியவில்லை. அங்கே தாமஸ் டிலார்ம் என்ற இளம் மருத்துவர் இருந்தார். சிறுவயதில் வாதக் காய்ச்சலில் படுத்து, பிறகு பளு தூக்கித் தன் உடம்பைத் தேற்றிக்கொண்டவர். அவர் சிப்பாய்களின் காலில் இரும்புச் செருப்பு போன்ற ஒன்றை மாட்டி, எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, முட்டியை நீட்டி மடக்கச் சொன்னார். அன்றைய மருத்துவத்தில் பாரம் தூக்குவது சர்க்கஸ்காரர் வேலை. ஆனால் சிப்பாய்கள் எழுந்து நடந்தார்கள். 1945-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று ஜிம்மில் “பத்து தடவை, மூணு செட்” என்று சொல்கிறார்களே, அந்தப் பழக்கம் அவரும் அவருடைய சக மருத்துவரும் வகுத்ததிலிருந்து வந்தது. 1947-இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளை உறுப்பு உறுப்பாகப் பட்டியல் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஹில்டன் ஓய்வைப் புகழ்ந்து பேசியது போல ஓய்வைக் கண்டித்து எழுதிய முதல் பிரபலக் கட்டுரை அது என்று எனக்குப் படுகிறது.

1952-இல் லண்டனில் நடந்த ஒரு சோதனையை நான் வகுப்பில் இருந்திருந்தால் கட்டாயம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். இரண்டு சைக்கிள்களைப் பின்னுக்குப் பின் வைத்துச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னால் மிதிக்க வேண்டும். மற்றவர், மிதி தன் காலைத் தள்ளிக்கொண்டு வரும்போது அதைத் தடுக்க வேண்டும். உருவத்தில் சிறிய பெண் ஒருவர் தடுக்க, பெரிய ஆள் மிதித்து மிதித்துக் களைத்துப்போனார். பாரத்தைத் தூக்குவதைவிட அதை மெல்ல இறக்கும்போது தசைக்குச் செலவு மிகக் குறைவு, தாங்கும் வலுவோ அதிகம் என்பது நிரூபணமானது. கிணற்றில் வாளியை இறைப்பதற்கும் கயிற்றை விட்டு விட்டு இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். ஆனால் இந்த ‘இறக்கும் வேலை’ நாண் வைத்தியத்துக்குப் பயன்படும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

இதற்கிடையே நாண் வலிக்கு வைத்த பெயரே பலரைத் தப்பான வழிக்கு இழுத்துக்கொண்டிருந்தது. டெண்டினைட்டிஸ், அதாவது நாண் அழற்சி. அழற்சி என்றால் வீக்கம், சூடு. அதற்கு ஓய்வும் ஐஸும் வீக்கம் வற்றும் மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும். பெயரிலேயே வைத்தியம் முடிவாகிவிடுகிறது. ஆனால் நாள்பட்ட வலியுள்ள நாண்களை அறுவையில் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் எதிர்பார்த்த அழற்சி அணுக்களைக் காணவில்லை. கயிற்றுப் புரிகள் போல ஒழுங்காக இருக்க வேண்டிய கொலாஜன் இழைகள் கலைந்து கிடந்தன. 1976-இல் இத்தாலியில் புட்டுவும் (சிரிக்காதீர்கள், அவர் பெயர் அதுதான்) அவருடைய சகாக்களும் இதற்கு வேறு பெயர் வேண்டும் என்று டெண்டினோசிஸ் என்றார்கள். 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ‘டெண்டினைட்டிஸ் என்ற கட்டுக்கதையைக் கைவிடுவோம்’ என்கிற பொருளில் தலைப்பிட்டே எழுதினார்கள். அழற்சி துளியும் இல்லை என்று சொல்வதும் மிகை என்று அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. இருந்தாலும் ‘வீக்கத்தை அடக்கினால் போதும்’ என்ற வாதம் நிற்கவில்லை.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் வில்லியம் ஸ்டானிஷ் என்ற எலும்பு மருத்துவரும் சாண்ட்ரா கர்வின் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் 1984-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். நாண் அறுவது, நோவது எல்லாம் பெரும்பாலும் இறங்கும் கணத்தில்தானே, அப்படியானால் அந்த இறங்கும் வேலைக்கே அதைப் பழக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். முட்டி நாணுக்கு அவர்கள் கொடுத்தது பஸ்கி. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு எடையோடு. கடைசிப் பத்தில் மட்டும் கொஞ்சம் வலி தெரிய வேண்டும். முன்னாலேயே வலித்தால் அதிகம் செய்கிறோம், கடைசி வரை வலிக்கவே இல்லையென்றால் போதவில்லை. இந்த அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது. வலியை எதிரியாக வைக்காமல், தராசின் முள்ளாக வைத்தார்கள். ஆனால் உலகம் அவ்வளவாகக் காது கொடுக்கவில்லை.

உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் வடக்கு ஸ்வீடனின் உமியோ நகரத்து மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன். எலும்பு அறுவை மருத்துவர், ஓட்டக்காரர். அவருக்கே குதிகால் நாணில் தீராத வலி. அவரே பிற்பாடு பல இடங்களில் சொன்ன கதை இது. 1990-களின் நடுவில் தன் மேலதிகாரியிடம் போய் அறுவை செய்துவிடுங்கள் என்று கேட்டார். அதிகாரி மறுத்துவிட்டார். அறுவை செய்தால் மாதக்கணக்கில் விடுப்பு கொடுக்க வேண்டும், வேலை யார் பார்ப்பது? ஆல்ஃப்ரெட்சனுக்குக் கோபம். நாண் அறுந்தே போனால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று, அறுப்பதற்காகவே தினமும் வலிக்க வலிக்கப் பயிற்சி செய்தார். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, நல்ல காலால் எழும்பி, வலிக்கும் காலால் குதிகாலைக் கீழே இறக்குவது. அறவில்லை. வாரங்கள் போகப் போக வலிதான் போனது.

கோபத்தில் செய்ததை நிதானத்தில் சோதித்துப் பார்த்ததுதான் அவர் பெருமை. நாள்பட்ட குதிகால் நாண் வலி இருந்த 15 பேர், அறுவைக்குக் காத்திருந்தவர்கள். முட்டியை நீட்டி மூன்று பதினைந்து, மடக்கி மூன்று பதினைந்து, காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. ஆக ஒரு நாளைக்கு 180 தடவை, வாரம் ஏழு நாளும், 12 வாரம். வலி குறைந்தால் முதுகுப் பையில் எடையைப் போட வேண்டும். 15 பேரும் பழையபடி ஓடத் தொடங்கினார்கள். 1998-இல் கட்டுரை வந்தது. பதினைந்து பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனால் கட்டாய ஓய்வு என்று 130 ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர்களுக்கு எதிரே, வலிக்கும் நாணிலேயே பாரம் ஏற்றலாம் என்பதை ஒரு படிக்கட்டை மட்டும் வைத்துக் காட்டிவிட்டார்.

இங்கேதான் கதை கோணலாகிறது. குதிகாலுக்குச் சரியானதை எல்லோரும் முட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஆஸ்திரேலியாவின் கிரெய்க் பர்டம், ஸ்வீடன் குழுவோடு சேர்ந்து 2004-இல் 17 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார். சமதரையில் ஒற்றைக் காலில் பஸ்கி போட்ட 9 பேரில் ஒருவர்தான் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினார். 25 பாகை சரிந்த பலகையில் குதிகால் உயர நின்று போட்ட 8 பேரில் 6 பேர் திரும்பினார்கள். சரிவில் நின்றால் உடம்பு முன்னால் சாய முடியாது. இடுப்பு பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாமல் நாணிலேயே போய் விழும். நல்ல கண்டுபிடிப்பு. உடனே சரிவுப் பலகை உலகமெங்கும் பரவியது. ஆனால் 2005-இல் நார்வேயில், போட்டிக் காலத்தில் ஆடிக்கொண்டே இருந்த 29 வாலிபால் வீரர்களிடம் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு 12 வாரம் இதே சரிவுப் பலகைப் பயிற்சி, மற்றக் குழுவுக்கு வழக்கமான பயிற்சி மட்டும். எந்தப் பலனும் இல்லை.

ஏன்? நாளெல்லாம் குதித்துக் களைத்த நாணின் மேல், வீட்டுக்கு வந்து இன்னொரு மூட்டையையும் ஏற்றினார்கள். வண்டிமாட்டுக்கு எந்த ஊரிலும் இது தெரியும். பயிற்சி மருந்து என்றால், அதற்கு இடம் விட்டுக் குதிப்பைக் குறைக்க வேண்டும். என் மாணவனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ஒரு சீசனில் இரண்டு வகையிலும் முயன்றிருக்கிறான்: முழுக்க ஓய்வு, அல்லது முழுக்க ஆட்டம். நடுவில் ஒரு பாதை இருப்பதாக அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அறுவை செய்துவிட்டால் ஒரேயடியாக முடிந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு 2006-இல் அதே நார்வேயிலிருந்து பதில் வந்தது. 40 முட்டிகளில் 20-க்கு அறுவை, 20-க்கு இறக்கும் பயிற்சி. ஓராண்டு கழித்து இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே கத்தியை எடுக்கும் முன் 12 வாரப் பயிற்சியைப் பார்த்துவிடுங்கள் என்று அந்த அறுவை மருத்துவர்களே எழுதினார்கள்.

ஊசிக்குப் பதில் கோபன்ஹேகனிலிருந்து, 2009-இல். 39 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள்: ஸ்டீராய்டு ஊசி, சரிவுப் பலகைப் பயிற்சி, அதிக எடையை மிக மெதுவாகத் தூக்கி இறக்கும் பயிற்சி. 12 வாரத்தில் மூவரும் தேறினார்கள். ஊசிக்காரர்களுக்குச் சிரமமே இல்லாமல் தேறியது. அரை ஆண்டு கழித்துப் பார்த்தால் ஊசிக்காரர்கள் பின்னுக்குப் போயிருந்தார்கள். பயிற்சி செய்தவர்கள் தேறிய இடத்திலேயே நின்றார்கள். அதிலும் மெதுவாக எடை தூக்கியவர்களுக்குத்தான் திருப்தி அதிகம். இன்னொன்றும் தெரிந்தது. இறக்குவதில் மட்டும் மந்திரம் எதுவும் இல்லை. மூன்று விநாடி இறக்கம், மூன்று விநாடி ஏற்றம், வாரம் மூன்று நாள், அது போதும். தினமும் 180 என்ற கணக்கு உடைந்தது.

நாணுக்கு ஏன் இத்தனை பொறுமை வேண்டும் என்பதற்கு டென்மார்க்கிலிருந்தே வந்த இன்னொரு ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1955-க்குப் பிறகு வல்லரசுகள் வானில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்ததால் காற்றில் கதிரியக்கக் கரி ஏறக்குறைய இரு மடங்கானது. 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. அந்தக் கரி பயிருக்குப் போய், சோற்றில் வந்து, நம் உடம்பில் சேர்ந்தது. ஆகவே உடம்பின் ஒரு பகுதியில் எவ்வளவு கரி இருக்கிறது என்று அளந்தால் அது எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லலாம். 2013-இல் வெளிவந்த ஆய்வில் குதிகால் நாணின் நடுப்பகுதியை அளந்தார்கள். அது நாம் உயரம் வளர்ந்து முடிக்கும் வரை, சுமார் 17 வயது வரை, உருவானது. அதன் பிறகு ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. 1960-ஐ ஒட்டிப் பிறந்த என் போன்றவர்களின் நாணில் அந்தப் பழைய குண்டுகளின் கரி இன்னும் உட்கார்ந்திருக்கிறது! தோல் புதிதாகிறது, இரத்தம் புதிதாகிறது. நாணின் உள்ளே அப்படியே பள்ளிக்கூடப் பையன்.

அப்படியென்றால் பயிற்சி எதைச் சரிசெய்கிறது? ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜில் குக்கும் அவருடைய சகாக்களும் இதற்கு டோனட் உவமை சொல்கிறார்கள். நாம் மெதுவடை என்று வைத்துக்கொள்வோம். நோயுற்ற நடுப்பகுதி வடையின் ஓட்டை. ஓட்டையை அடைக்கப் பாடுபடாதே, சுற்றியுள்ள நல்ல வடையைப் பலமாக்கு என்கிறார்கள். தசையும் நாணின் நல்ல இழைகளும் பாரத்துக்குப் பழகிக்கொள்கின்றன. ஓய்வில் நேர்மாறாக நடக்கிறது. ஜப்பானில் 20 நாள் படுக்கையில் கிடக்க வைத்துப் பார்த்த ஆய்வில் தொடை நாண்களின் விறைப்புத்தன்மையே குறைந்துபோனது. “ரெஸ்ட் எடுத்தா சரியாயிடுது, விளையாடினா வந்துடுது” என்பதற்கு விடை இதில் இருக்கிறது. ஓய்வு வலியைக் குறைக்கிறது. கூடவே நாணின் தாங்கும் சக்தியையும் குறைத்துவிடுகிறது. திரும்பிப் போகிறவன் முன்பைவிடப் பலவீனமான நாணோடு அதே வலைக்குப் போகிறான்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் முக்கியமாகப் பட்டது ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 2007-இல் காரின் சில்பர்னாகல் குழு வெளியிட்ட ஆய்வு. குதிகால் நாண் வலிக்காரர்கள் 38 பேர். எல்லோருக்கும் பயிற்சி. பாதிப்பேர் முதல் ஆறு வாரம் ஓட்டத்தையும் குதிப்பையும் நிறுத்தினார்கள். பாதிப்பேர் ஒரு விதிக்கு உட்பட்டுத் தொடர்ந்தார்கள். தொடர்ந்தவர்களுக்குக் கெடுதல் எதுவும் வரவில்லை. அந்த விதி இதுதான்: வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போட வேண்டும். பயிற்சியின்போதும் முடிந்த பிறகும் ஐந்து வரை போகலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் அது தணிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் கூடக்கூடாது. முப்பது வருடத்துக்கு மேல் மதிப்பெண் போட்டவனுக்கு இதைவிடப் புரிகிற வைத்தியம் வேறில்லை. முட்டி நாணுக்கு இன்னும் கறாராக மூன்றுக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 76 விளையாட்டு வீரர்களை வைத்து 24 வாரம் நடந்த சோதனை 2021-இல் வெளிவந்தது. வலிக்க வலிக்க இறக்கும் பழைய முறை ஒரு பக்கம். மூன்று மதிப்பெண்ணுக்குள் வலியை வைத்துப் படிப்படியாக ஏறும் முறை மறுபக்கம்: முதலில் அசையாமல் தாங்குவது, பிறகு மெதுவாக எடை, பிறகு குதிப்பு, கடைசியில் ஆட்டம். படிப்படி முறைக்காரர்களே கூடுதலாகத் தேறினார்கள். ஆனாலும் 24 வாரத்தில் பழைய ஆட்ட அளவுக்குத் திரும்பியவர்கள் அந்தக் குழுவிலும் பாதிக்குக் குறைவுதான். “ஒரே வாரத்தில் முட்டி வலி பறந்து போகும்” என்று காணொளி போடுகிறவர்கள் இதைப் படித்தால் தேவலை.

என் மாணவனுக்கு இப்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடைத்திருக்கிறார். அவர் கொடுத்திருப்பதைச் சொல்கிறேன். அப்படியே எடுத்துச் செய்வதற்காகச் சொல்லவில்லை. மேலே சொன்ன வரலாறு நடைமுறையில் எப்படி இருக்கும் என்று காட்டவே சொல்கிறேன். முதல் வாரங்களில் குதிப்பு மட்டும் நிறுத்தம். நடை, சைக்கிள் எல்லாம் உண்டு. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் இருப்பது போல 45 விநாடி, இரண்டு நிமிடம் இளைப்பாறி மறுபடி, ஐந்து தடவை. பள்ளிக்கூடங்களில் ‘நாற்காலி போடு’ என்று தண்டனையாகக் கொடுத்தது இதைத்தான். அது நன்றாகத் தாங்கிய பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் எடையோடு மெதுவான பஸ்கி. ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள்? கனமான வேலைக்குப் பிறகு ஒரு நாளைக்கு மேல் நாணில் கட்டுவதைவிடக் கரைவது அதிகமாக நடக்கிறது. அடுத்த நாளே ஏறி மிதித்தால் கட்டுவதற்கு நேரமில்லை. தினமும் காலையில் எழுந்ததும் ஒற்றைக் காலில் ஒரே ஒரு பஸ்கி போட்டு, வலிக்கு மதிப்பெண் எழுத வேண்டும். நேற்றைய எண்ணைவிடக் கூடியிருந்தால் அன்றைக்கு எடை குறையும். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதி எனக்குப் படம் அனுப்புகிறான். கையெழுத்து அன்றும் இன்றும் ஒன்றுதான், கோழிக் கிறுக்கல்.

பதினோராவது வாரம் ஓடுகிறது. காலை எண் ஆறிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறது. இரண்டு காலாலும் சிறிய குதிப்புகள் ஆரம்பித்திருக்கின்றன. பொங்கல் போட்டிக்கு ஆடலாமா என்று கேட்டதற்கு, பந்தை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் நில், அடிக்கும் இடத்தில் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாராம்.

முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட வரவில்லை, திடீரென ‘பட்’ என்று சத்தம் கேட்டு அதற்குப் பிறகு காலைத் தூக்க முடியவில்லை, வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் இருக்கிறது என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

பி.கு.: சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளை வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர் எரிச்சலுக்கும் நாமாகவே கடையில் கேட்டு வாங்குகிறோம். அவை நாண்களைப் பாதிக்கலாம், அறுக்கவும் கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் மிகக் கடுமையான வகை எச்சரிக்கையை அச்சிட வைத்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அபாயம் கூடுதல். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் சாப்பிடுங்கள். ஆனால் நாண் வலி இருப்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.